மாமா மூன்று

மாலை நாலேகால் மணிக்குக் கணினி அவனிடம் ஒரு கேள்வி கேட்டது. பழைய இடத்தில் இருப்பதையெல்லாம் புது இடத்துக்குக் கொண்டுபோய்விடட்டுமா?

அவன் ஆம் என்றான்.

கேள்விக்கு மேலே நான்கு வரிகளில் ஓர் எச்சரிக்கை இருந்தது. அவன் மருந்துக்கடைக்காரன். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், வண்டி ஓட்டக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை படித்துச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவன். தனக்கு வந்ததை மட்டும் படிக்கவில்லை.

கடையில் அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட மாத்திரையை எடுத்துத் தருவான். வீட்டுக் கணினி அப்படியல்ல. இணையத்திலிருந்து இறக்கியதெல்லாம் இறங்கிய இடத்திலேயே கிடந்தது. சி டிரைவ் கழுத்துவரை நிரம்பி, சிவப்புக் கோடு காட்டத் தொடங்கிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. பக்கத்திலேயே டி டிரைவ் காலி மைதானமாகக் கிடந்தது. அதில் ஒரே ஒரு ஃபோல்டர். குடும்பப் படங்கள்.

மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். தெரியாதவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால் அவளுக்கு எதுவும் அவசரமாகத் தெரியாது. அவளே காலையில் கிளம்பும்போது சொல்லிவிட்டாள். இன்றைக்கு விடுமுறைதானே, அந்தக் கம்ப்யூட்டரை ஒரு வழி பண்ணுங்கள்.

கடைக்கு வரும் மருந்துக் கம்பெனிக்காரர் வழி சொல்லியிருந்தார். டவுன்லோட் ஃபோல்டருக்கு முகவரியை மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும், அது தானாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும், ஒரு நிமிட வேலை. ஒரு நிமிட வேலை என்று யாராவது சொன்னால் அன்றைய பொழுது போயிற்று என்று அர்த்தம். அவன் அதை மறந்திருந்தான்.

புது முகவரி எது என்று கணினி கேட்டபோது டி டிரைவைத் திறந்தான். கண்ணில் பட்ட ஒரே ஃபோல்டரைக் காட்டினான். உள்ளே போனபிறகு தனியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஊரில் அத்தனை இடம் காலியாக இருக்க, ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டில் கொண்டுபோய்க் குடிவைத்தான்.

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. இறக்கியதும் குடும்பப் படமும் ஒன்றாகக் கலந்தன. இரண்டு பெயர், ஒரே இடம். டவுன்லோட் என்று திறந்தால் தேனிலவு. படங்கள் என்று திறந்தால் யாருடைய மருந்துச் சீட்டோ.

பிரித்துக்கொள்ளலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, டிவியில துணி துவைக்கிற மிஷின் வருது."

அவன் மவுஸைப் பிடித்தான்.

"நாலு தடவை வந்துடுச்சு. ஒரே மிஷின்."

மாமனார் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். எட்டு மாதம் ஆயிற்று. அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது சுடுதண்ணீர் ஸ்விட்சை அணைப்பார். சோப்பு போடும்போது எதற்குச் சுடுதண்ணீர் என்பது அவர் கேள்வி. ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் பின்னாலேயே வந்து விளக்கை அணைப்பார். அவன் புத்தகம் வைத்திருந்த அறை இப்போது அவர் அறை. கணினி கூடத்தை ஒட்டிய சாமான் அறைக்குப் போய்விட்டது. அதன் ஸ்விட்சுகள் வெளியே, அவர் கைக்கு எட்டும் இடத்தில்.

டிவியில் அவர் நிகழ்ச்சி எதுவும் பார்ப்பதில்லை. ஆள், பேச்சு, ஓட்டம் எல்லாம் வந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று நம்பினார். அசையாத புகைப்படங்களை ஓடவிட்டால் குறைவாம். சும்மா இருக்கும் நேரத்தில் கணினியிலுள்ள குடும்பப் படங்களை டிவியே எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டும்படி, போன முறை வந்திருந்த மச்சான் இணைத்துவிட்டுப் போயிருந்தான். படத்துக்குக் கீழே கோப்பின் பெயரும் வரும். மாமனார் நாள் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்து, மகள் வளர்வதையும் மருமகன் வழுக்கையாவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

துவைக்கும் இயந்திரம் பரவாயில்லை. மருந்துச் சீட்டும் பரவாயில்லை. அவனை எழுந்து நிற்கவைத்தது வேறு.

இறக்கிய குப்பையில் ஆறு படங்கள் இருந்தன. ஆறும் வாடகை வீட்டு விளம்பரங்கள். தரைத்தளம், படிக்கட்டு இல்லை, ஒரு படுக்கையறை, தனி மீட்டர், பக்கத்தில் மருத்துவர். ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரரின் தொலைபேசி எண் கொட்டை எழுத்தில். ஒரு நல்ல நாளில், ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும்போது, மனைவியிடம் காட்டலாம் என்று மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தான். நாளும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. அப்பா மனம் நோகும்படி வீட்டில் ஒரு சொல் விழக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே கட்டளை. விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் சொன்னதில்லை. அதனால்தான் பயம்.

அவள் கண்ணில் பட்டாலும் சந்தேகம் வரக் கூடாதென்று ஆறுக்கும் பெயர் மாற்றியிருந்தான். மருந்துக்கடைக்காரன் சீட்டு ஒட்டாமல் எதையும் வைக்கமாட்டான். மாமா 1, மாமா 2, மாமா 3. அப்பாவின் புகைப்படம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவாள். இந்தப் புத்திசாலித்தனத்துக்காக அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

டிவி படங்களைப் பெயர் வரிசைப்படி காட்டும். முதலில் ஆங்கிலப் பெயர்கள், கடைசியில்தான் தமிழ். குடும்பப் படங்கள் எல்லாம் கேமரா வைத்த ஆங்கிலப் பெயரோடு ஆயிரக்கணக்கில் இருந்தன. மாமாக்கள் வர நேரம் பிடிக்கும். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

'பழைய இடத்துக்கே திருப்பு' என்றொரு பொத்தான் இருந்தது. உலகத்தில் இவ்வளவு கருணையான பொத்தானை அவன் பார்த்ததில்லை. அழுத்தினான். பச்சைக் கோடு மறுபடி நகரத் தொடங்கியது.

எதற்கும் மச்சானை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, படுக்கையறையில் சார்ஜில் போட்டிருந்த போனை எடுக்கப் போனான். எடுத்துக்கொண்டு வந்தான். சாமான் அறை இருட்டாக இருந்தது. கணினி இருட்டாக இருந்தது.

மாமனார் ஸ்விட்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆளே இல்லாம ஓடிட்டிருந்துச்சு மாப்பிள்ளை. அணைச்சிட்டேன்."

நன்றி என்று சொன்னான். அந்த வீட்டில் எட்டு மாதமாக அவன் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

கணினி மறுபடி கண் திறக்க நேரமாயிற்று. திறந்ததும், இப்படிப் பாதியில் கொல்லலாமா என்று நீலத்திரையில் குறைப்பட்டுக்கொண்டது. பிறகு, விட்ட வேலையை அவனே தொடங்கிவைத்தான். கொஞ்சம் ஓடி நின்றது. சி டிரைவில் இடமில்லை.

இருக்காதுதான். வந்த வழியே அனுப்பியது டவுன்லோட் குப்பையை மட்டுமல்ல. கலந்த கூட்டம் முழுவதும் சேர்ந்து கிளம்பியிருந்தது. முண்டியடித்து ஏறும் பஸ் மாதிரி, வரிசையில் முன்னால் நின்ற குடும்பப் படங்கள் எல்லாம் சி டிரைவுக்குள் ஏறிவிட்டன. பஸ் நிரம்பியது. கதவு சாத்திக்கொண்டது. கடைசியில் நின்றவர்கள் மட்டும் நிறுத்தத்திலேயே நின்றார்கள்.

படங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். ஆறு கோப்புகள் இருந்தன.

"மாப்பிள்ளை," என்றது கூடம். "டிவியில மாமான்னு எழுதி வருது."

ஓடினான்.

திரை நிறைய ஒரு வீடு. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு. கீழே, மாமா 1. அது போய் இன்னொரு வீடு. மாமா 2. மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். ரிமோட் அவர் கையில்.

அவன் ரிமோட்டுக்குக் கை நீட்டினான்.

"இருங்க," என்றார் மாமனார். கண்களைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "என் கண்ணாடி எங்க இருக்கு பாருங்க."

கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. அவன் சொல்லவில்லை. தேடுவதுபோல் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மச்சானைக் கூப்பிட்டான்.

மச்சான் வேறு ஊரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவது பற்றிப் பேச்சு வந்தால் அவன் பக்கம் சிக்னல் கிடைக்காது. மற்ற நேரங்களில் நல்ல பையன். அவனிடமும் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் இரவுக்குள் அக்காவுக்குப் போய்விடும்.

"ஒண்ணுமில்ல மச்சான். கம்ப்யூட்டர்ல இருக்கிற சில படம் தப்பா டிவிக்குப் போயிடுச்சு. எப்படி நிறுத்துறது?"

"என்ன படம் அத்தான்?"

"பொதுவான படம்."

"அக்கா பாத்துட்டாளா?"

"அக்கா இல்ல. அப்பா பாத்துட்டிருக்காரு."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அத்தான், நான் சின்னவன். நான் சொல்லக் கூடாது. ஆனா உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா?"

அவன் நினைப்பதுபோல் இல்லை என்று இவன் சொன்னான். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள் என்று அவன் சொன்னான். வெறும் கட்டடங்கள்தான் என்று இவன் சொன்னான். கட்டடத்துக்கு யாராவது இப்படி மூச்சிரைப்பார்களா என்று அவன் கேட்டான்.

"சரி விடுங்க. முதல்ல அப்பாவை வெளிய அனுப்பப் பாருங்க."

"அதுக்குத்தாண்டா இவ்வளவு பாடும்," என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

மச்சான் வைத்தியம் சொன்னான். டிவிக்குப் படம் காற்றில்தான் போகிறது, மோடத்தைப் பிடுங்கிவிட்டால் வழி அடைபட்டுவிடும். நல்ல யோசனையாகத் தெரிந்தது. அவன் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கியதும் மச்சான் குரல் நின்றது. அந்தப் பேச்சும் அதே காற்றில்தான் வந்துகொண்டிருந்தது.

கூடத்தை எட்டிப் பார்த்தான். டிவி நிற்கவில்லை. ஆறு படங்களையும் ஏற்கெனவே விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தது. மாமா 5, மாமா 6, மறுபடி மாமா 1. குடும்பப் படங்களோடு கலந்திருந்தபோதாவது ஆயிரத்தில் ஆறு. இப்போது வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று யாராவது நேருக்கு நேர் சொல்லியிருந்தால் இதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

மாமனார் எழுந்துவிட்டிருந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு வந்திருந்தது. திரைக்கு ஒரு முழம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தமில்லை.

அவனுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. சுடுதண்ணீர், விளக்கு, புத்தக அறை எல்லாம் மறந்துபோயிற்று. மனைவியை இழந்த மனுஷன். பெண் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கண்ணெதிரே, அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில், அவரை அனுப்பிவைக்க ஆறு வீடு. அதுவும் எண் போட்டு.

மாமனார் திரும்பினார். அவனைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

மச்சானை மறுபடி, இணையம் தேவைப்படாத சாதாரண லைனில் கூப்பிட்டான். லைன் பிஸி. இன்னொரு தடவை. பிஸி. பால்கனிப் பக்கம் பார்த்தான். மாமனார் காதில் போன். புரிந்துவிட்டது. அப்பா மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இனி மகன் அக்காவிடம் சொல்வான். அக்கா ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாள்.

ஒட்டுக்கேட்பது தப்புதான். கதவருகே போய் நின்றான். தெருவில் போகும் வண்டிச் சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"ஒண்டி ஆள்தான் நான்... ஒரு மூலை இருந்தா போதும்..."

ஒரு லாரி போனது.

"...யாருக்கும் தொந்தரவா இருக்கமாட்டேன்... ஆமா, டிவியிலதான் பாத்தேன்..."

பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, தழைந்த குரலில்:

"நாளைக்கே கிளம்பிடறேன்."

அவன் சாமான் அறைக்கு ஓடினான். மோடத்தைச் செருகினான். ஆறு கோப்புகளையும் ஒன்றாகப் பிடித்தான். அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. ஆம். நிரந்தரமாகவா, பிறகு மீட்க முடியாதே என்று கேட்டது. இந்த முறை எச்சரிக்கையை முழுக்கப் படித்தான். படித்துவிட்டு ஆம் என்றான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். அந்த விளம்பரங்களை எடுத்த இணையப் பக்கத்தை ஏதோவொரு நாள் குறித்துவைத்திருந்தான். அதையும் நீக்கினான். கூடத்துக்கு வந்து டிவியைச் சுவர் ஸ்விட்சில் அணைத்துப் போட்டான். மறுபடி உயிர் வந்த திரையில், காட்டுவதற்குப் படம் எதுவும் இல்லை என்று வந்தது. அவ்வளவு அழகான வாக்கியத்தை அவன் அதுவரை படித்ததில்லை.

பால்கனிக் கதவு திறந்தது.

மாமனார் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்ததுபோல் பட்டது. எதிரே இருந்த முக்காலியில் அவன் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று அவர் தொடங்கினார். "எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா."

அவர் சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதாகிவிடும். முந்திக்கொண்டான். டிவியில் வந்தது வைரஸ் என்றான். இப்போது அப்படி ஒன்று சுற்றுகிறது, வயதானவர்கள் இருக்கும் வீடாகப் பார்த்துப் புகுந்து வீட்டு விளம்பரம் காட்டுகிறது, கடையில்கூட நாலு பேர் சொன்னார்கள். எல்லாவற்றையும் வேரோடு அழித்துவிட்டேன். இனிமேல் வராது.

மாமனார் நம்பிக்கையில்லாமல் அவனைப் பார்த்தார். "அதுல மாமான்னு எழுதியிருந்துச்சே."

"அதான் மாமா அந்த வைரஸோட அக்கிரமமே."

போதவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. கையில் இருப்பதிலேயே பெரிய மாத்திரையைத்தான் எடுக்க வேண்டும். அவர் கையைப் பிடித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை.

நீங்கள் வந்தபிறகுதான் இது வீடு மாதிரி இருக்கிறது என்றான். கடையிலிருந்து வரும்போது நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன் என்றான். இது உண்மை. எதற்காகப் பார்ப்பான் என்பதைச் சொல்லவில்லை. மின்கட்டணம் பாதியாகிவிட்டதே என்றான். இதுவும் உண்மை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. எங்கிருந்து வந்ததோ, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"உங்களை அனுப்பிட்டு நான் நிம்மதியா இருப்பேன்னு நினைக்கிறீங்களா? நீங்க இந்த வீட்டைவிட்டு ஒரு நாள் போனாலும் என்னால தாங்க முடியாது மாமா. கடைசிவரைக்கும் இங்கதான் இருக்கணும். எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்க."

மாமனார் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கையை அதன்மேல் வைத்தார். வாசலில் மனைவியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவன் மெல்ல மூச்சுவிட்டான். தப்பித்தாயிற்று.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்கன்னு தெரியாம, எட்டு மாசமா எப்படிடா தனியாப் போறதுன்னு வீடு தேடிட்டிருந்தேன். சத்தியம் மாப்பிள்ளை, இனி எங்கயும் போகமாட்டேன். அந்த மூணாவது வீட்டுக்காரர்கிட்டதான், நாளைக்கே பெட்டியோட கிளம்பி வந்துடறேன்னு இப்போ போன்ல சொல்லிட்டேன். வரலைன்னு நீங்களே ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லிடறீங்களா?"